கமரா இல்லாத மேடைக்கு எதற்குச் சட்டகம்?

சிட்னியிலும் மெல்பர்னிலும் நாடகம், நாட்டிய நாடகம், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா என்று எதற்குக் குழு கூடினாலும் இப்போது முதலில் எழும் கேள்வி, "ஸ்டோரிபோர்ட் ரெடியா?" என்பதுதான். பிரதி எழுதி முடிந்திராது. பாத்திரங்களுக்கு ஆள் கிடைத்திராது. மண்டபத்தின் மேடை எத்தனை மீற்றர் அகலம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இருபது கட்டங்களில் இருபது படங்கள் பவர்பொயின்ற்றில் வந்துவிடவேண்டும். முன்பெல்லாம் கைவண்ணமுள்ள ஒரு பிள்ளை பென்சிலால் வரைந்து தரும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இராவணன் சபையும் அசோகவனமும் புட்பக விமானமும் நிமிடக்கணக்கில் வந்து விழுகின்றன. "அண்ணை, வட்ஸ்அப்பில போட்டிருக்கிறன், பாருங்கோ. மேடை இப்பிடித்தான் இருக்கவேணும்." எல்லாரும் பெருவிரலை உயர்த்துகிறார்கள். பாதி வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி.

ஸ்டோரிபோர்ட் செய்பவர் தொழில்முறையாளர், செய்யாதவர் கத்துக்குட்டி என்ற எண்ணம் எங்கள் நடுவே வேர்பிடித்துவிட்டது. அதை நான் மறுக்கிறேன். பயனில்லாத ஒரு சடங்கு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மேடைக்கு உண்மையில் தேவையான தாள்களை இந்தப் படங்கள் மேசையிலிருந்து தள்ளிவிடுவதுதான் என் வழக்கு.

அவர்கள் பக்கத்தில் காரணம் இல்லாமல் இல்லை. இங்கே யாரும் முழுநேரக் கலைஞர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி விட்டபிறகு கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் ஒத்திகை. ஒரு நடனப்பள்ளி பிளாக்டவுனில், இன்னொன்று ஹோம்புஷில், மிருதங்கக்காரர் லிவர்பூலில். மெல்பர்ன் என்றால் டண்டினோங்கில் ஒரு பாதி, எப்பிங்கில் மறுபாதி. மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. உள்ளே கால்வைப்பதே பெரும்பாலும் நிகழ்ச்சி நாள் காலையில். ஒளி இயக்குபவர் மண்டபத்து ஆள், தமிழ் ஓர் எழுத்தும் அறியாதவர். இத்தனை பேரையும் ஒரே எண்ணத்தில் கட்டிவைக்கப் படத்தைவிட எளிய வழி உண்டா என்கிறார்கள். கேள்வி நியாயமானது. விடைதான் பிழை.

ஸ்டோரிபோர்ட் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தாலே பாதி விளங்கும். 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கூடத்தில் வெப் ஸ்மித் என்ற ஓவியர் படங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்ததிலிருந்து இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1933இல் வந்த மூன்று பன்றிக்குட்டிகள் கார்ட்டூன் அப்படி முழுதாகத் திட்டமிடப்பட்ட தொடக்ககாலப் படங்களில் ஒன்று. கார்ட்டூனில் நடிகர் கிடையாது. ஒவ்வொரு நொடியையும் கையால் வரையவேண்டும். வரைந்தபின் வெட்டி எறிந்தால் பணம் போயிற்று. ஆகவே வரைவதற்கு முன்பே சுவரில் பார்த்துவிடுவது நல்ல சிக்கனம். பின்னர் நடிகர்கள் நடிக்கும் சினிமாவும் இதைக் கடன்வாங்கியது. அங்கும் காரணம் உண்டு. சினிமா துண்டுதுண்டாக, முன்பின் மாறிப் படமாக்கப்படும் கலை. கடைசிக் காட்சியை முதல் நாளில் எடுக்கிறவனுக்கு, அது எங்கே போய்ப் பொருந்தும் என்று காட்டும் தாள் தேவை.

இதன் உச்சம் சிட்னிக்காரர் ஒருவருடையது. ஜோர்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்துக்கு வழக்கமான திரைக்கதைக்கு முன்னரே ஏறத்தாழ 3,500 கட்டங்களில் ஸ்டோரிபோர்ட் வரையப்பட்டது. 2015இல் படம் வந்தபோது உலகமே அதைப் பேசியது. எங்கள் குழுக்களிலும் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் கதையின் மறுபாதியைச் சொல்லமாட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து எடுத்தது ஏறத்தாழ 480 மணி நேரக் காட்சி. அதை இரண்டு மணி நேரமாக வெட்டி ஒட்டியவர் படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல். ஒஸ்கார் அவருக்கும் கிடைத்தது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் வேலையை அங்கே கத்தரி செய்கிறது. மேடையில் மார்கரெட் சிக்ஸல் இல்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே இருக்கும் வெள்ளைக் கோட்டில்தான் எங்கள் நடிகர் நடந்து, மூச்சுவாங்கி, உடைமாற்றி, இருட்டில் கதிரை தூக்கி வாழ்கிறார். படம் விட்டுவிடும் இடம்தான் மேடையின் முழு வேலையும்.

(மில்லரின் நிறுவனம் நெடுங்காலம் இருந்த கிங்ஸ் குரொஸ் மெட்ரோ கட்டடம், 1939இல் மினேர்வா என்ற பெயரில் நாடக அரங்காகத் திறக்கப்பட்டது. 1969இல் 'ஹேர்' இசைநாடகம் ஆடப்பட்டதும் அங்கேதான். மேடையாக இருந்த கட்டடத்தில் சினிமா குடியேறியது வேறு விஷயம். எங்கள் மண்டையிலும் அதே குடியேற்றம் நடந்திருக்கிறது.)

அடுத்தது கண். ஸ்டோரிபோர்ட்டின் ஒவ்வொரு கட்டமும், கமரா எங்கே நிற்கிறது என்ற ஒரே கேள்விக்கான விடை. மேடையில் முந்நூறு கமராக்கள் கதிரைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றையும் நகர்த்த முடியாது. சிட்னி சரி ஹில்ஸில் பெல்வோர் அரங்குக்குப் போய்ப் பாருங்கள். தக்காளி சோஸ் ஆலையாக இருந்த கட்டடம். 1984இல் அது கைவிட்டுப் போகவிருந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்ட நாடகக்காரரும் இரசிகரும் கூட்டாகப் பணம்போட்டு வாங்கிக் காப்பாற்றினார்கள். அதன் மேடை ஒரு மூலையில் இருக்கிறது. இரண்டு சுவர் சந்திக்கும் கோணத்தில் நடிகர் நிற்க, பார்வையாளர் விசிறிபோல் சுற்றி அமர்கிறார்கள். இந்தப் பக்கத்தவருக்கு முகம் தெரியும்போது அந்தப் பக்கத்தவருக்கு முதுகு தெரியும். இவ்வரங்குக்கு ஒரு சட்டகம் வரைந்தால் அது எந்தக் கதிரையின் சட்டகம்?

எங்களுக்கு இது புதிதா? மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் பார்ப்பவர்கள் சுற்றிவர இருந்தார்கள். ஆடுபவர் வட்டம் சுற்றி எல்லாத் திசைக்கும் முகம்கொடுத்தார். அரசன் கொலுவில் நின்று ஆடும்போது அவனுடைய முன்பக்கம் எது என்ற கேள்வியே அங்கு இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை மேடையேற்றியபோதுதான் கூத்து படச்சட்ட மேடைக்குள் வந்தது. விடியவிடிய ஆடியது சுருங்கியது; வட்டம் நேர்கோடானது.

இதைக் காட்டி என்னை மடக்கலாம்: பார்த்தீர்களா, சட்டகத்துக்குள் வந்ததால்தானே கூத்து பல்கலைக்கழகத்துக்கும் கொழும்புக்கும் போனது? போனது உண்மை. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த மேடையேற்றங்களின் உயிர் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளத்திலும், மாதக்கணக்கில் ஆட்டம் பழகிய மாணவரின் காலிலும் இருந்தது. சட்டகம் பார்ப்பவருக்காக வந்தது. ஆட்டம் உடலிலிருந்து வந்தது. பிற்காலத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்று ஊரவரோடு வேலைசெய்தபோது களரிக்கே திரும்பிப் போனதையும் மறக்கவேண்டாம்.

கூத்துக்காரரிடம் திட்டமே இருக்கவில்லை, எல்லாம் போகிற போக்கில் நடந்தது என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். ஸ்டோரிபோர்ட் இல்லாத இடமெல்லாம் அராஜகம் என்ற நினைப்பு. மட்டக்களப்பில் ஒரு கூத்து பழகும் ஒழுங்கைக் கேளுங்கள். முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஊர் கூடி முடிவாகி, ஆடுபவர் கையில் அவரவர் பாட்டும் வசனமும் போய்ச்சேரும். பிறகு கிழமைக் கூத்து, வாரந்தோறும் பழக்கம். ஆட்டம் காலில் ஏறியபின் சதங்கை அணிதல். அதன்பின் அடுக்குப் பார்த்தல்: தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் அடுக்கி ஓட்டிப்பார்ப்பது. கடைசியில் அரங்கேற்றம். ஒரு நிலை முடியாமல் அடுத்ததற்குப் போகமுடியாது. சதங்கை கட்டிக்கொள்ளும் தகுதியை ஆட்டக்காரர் உழைத்துப் பெறவேண்டும். எத்தனை கறாரான தயாரிப்பு முறை! இதில் ஒரு படம்கூடக் கிடையாது. அங்கே அளக்கப்படுவது காலமும் உடலும்.

அந்த ஒழுங்கில் ஏட்டண்ணாவியார் என்று ஒருவர் உண்டு. ஏட்டையோ கொப்பியையோ கையில் வைத்துக்கொண்டு அடுத்து யார், அடுத்து எது என்று பார்த்து எடுத்துக்கொடுப்பவர். இங்கே சிட்னியின் எந்தத் தொழில்முறை அரங்கிலும் அதே வேலைக்கு ஓர் ஆள் உண்டு. காதில் ஹெட்செட், முன்னால் பிரதி, பிரதியின் ஓரத்தில் பென்சில் குறிப்பு. நடிகர் எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எந்த அடியில் ஒலி எழுகிறது என்று எல்லாம் அந்தப் பிரதியில் இருக்கும். அவர் "கியூ பதினான்கு, ஸ்டாண்ட்பை" என்பார். ஒளிக்காரர் விரலை வைத்துக் காத்திருப்பார். "கோ." விளக்கு மாறும்.

தமிழ் தெரியாத ஒளிக்காரருக்குப் படம் வேண்டும் என்றார்களே, அதற்கான மறுமொழி இதுதான். அவருக்குத் தமிழும் வேண்டாம், படமும் வேண்டாம். எண் இட்ட கியூவும், தமிழ் தெரிந்த ஒரு குரலும் போதும். நீலம் தோய்ந்த அசோகவனப் படம் ஒன்றை அவர் கையில் கொடுத்தால் அவர் நீலத்தைப் போடுவார். எப்போது போடுவது? மிருதங்கத்தில் மூன்றாவது தீர்மானம் விழும்போதா, சீதை உட்கார்ந்தபிறகா, குழல் தொடங்கும்போதா? நான்கு நொடியில் மெல்ல ஏறவேண்டுமா, சட்டென்று அடிக்கவேண்டுமா? படம் இதில் ஒன்றுக்கும் வாய்திறக்காது.

அதே அசோகவனக் கட்டத்தை இன்னும் கொஞ்சம் கிண்டலாம். படத்தில் மரம் நிற்கிறது. முந்திய காட்சியில் அது எங்கே நின்றது? யார் தூக்கி வந்தார்? எந்தப் பக்கத்தால்? ஒப்பரா ஹவுஸின் ஜோன் சதர்லாந்து அரங்கிலேயே பக்கவாட்டில் இடம் போதாது என்பது ஊரறிந்த குறை. அங்கே காட்சிப்பொருட்களைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கிமேடையில் உயர்த்துகிறார்கள். நாங்கள் வாடகைக்கு எடுக்கும் புறநகர் மண்டபத்தில் பக்கத்திரைக்குப் பின்னால் பத்துப் பிள்ளைகளும் நான்கு அம்மாமாரும் ஒரு ஐஸ் பெட்டியும் ஏற்கெனவே நிற்கும். மரம் எப்படி வரும்? படத்தில் அனுமன் கிளையில் இருக்கிறார். முந்திய காட்சியில் அதே பையன் விபீஷணன். வேடம் மாற எத்தனை நொடி? அந்த நொடிகளை நிரப்பப் பாட்டுக்காரர் எத்தனை தடவை பல்லவியைத் திருப்பவேண்டும்? இவற்றுக்கு விடைசொல்வது அளவோடு போட்ட தரைப்படமும், யார் எதை எப்போது எங்கே கொண்டுபோகிறார் என்ற ஓட்டப் பட்டியலும்தான். வடிவமைப்பாளர் 1:25 அளவில் மாதிரிப் பெட்டி செய்வது ஏனென்று நினைக்கிறீர்கள்? அழகு காட்டவா? அட்டை மரம் பக்கத்திரையைத் தாண்டி வருமா என்று கையால் தள்ளிப்பார்க்க.

பரதநாட்டியத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரே நர்த்தகி கணவனாகவும் மனைவியாகவும் தோழியாகவும் மாறும் ஏகாஹார்ய மரபில், ஒரு கட்டத்தில் யாரை வரைவீர்கள்? தோளின் சிறு திருப்பத்தில் ஆள் மாறுகிறார். அந்தத் திருப்பம்தான் கலை; இரண்டு நிலைகளும் அதன் இரண்டு கரைகள் மட்டுமே. கரைகளை வரைந்துவிட்டு ஆற்றை வரைந்ததாகச் சொல்கிறோம்.

படம் ஒத்திகைக்குள் நுழைந்தால் என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். நெறியாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, "படத்திலை உம்மடை கை மேலே இருக்குது, இன்னும் கொஞ்சம் தூக்கும்" என்கிறார். பிள்ளை தூக்குகிறது. ஏன் தூக்குகிறோம் என்று அதற்குத் தெரியாது. நியூ சவுத் வேல்ஸ் எச்.எஸ்.ஸி. நாடகப் பாடத்தில் மூன்று முதல் ஆறு மாணவர் சேர்ந்து 8 முதல் 12 நிமிட நிகழ்வு ஒன்றைத் தாமே ஆடிப்பார்த்து, கலைத்து, மீண்டும் கட்டி உருவாக்குகிறார்கள். அதே பிள்ளை வார நாளில் பள்ளியில் படைப்பாளி, ஞாயிறன்று எங்களிடம் வந்தால் படத்துக்குப் பொம்மை.

இனி, படித்தவர்கள் எடுத்துவைக்கும் பெரிய வாதம்: அமெரிக்க நெறியாளர் ரொபேர்ட் வில்சன். அவருடைய 'ஐன்ஸ்டைன் ஒன் த பீச்' ஒப்பரா முழுக்கவே படங்களிலிருந்து பிறந்தது; ஃபிலிப் கிளாஸ் வில்சனின் வரைபடங்களைப் பியானோவில் வைத்துக்கொண்டு இசையமைத்தார்; 1976இல் அவிஞ்ஞோனில் அரங்கேறியது; 2013இல் மெல்பர்னுக்கும் வந்தது. அப்படியானால் மேடைக்கும் ஸ்டோரிபோர்ட் பொருந்தும்தானே? வில்சனுக்குப் பொருந்தும். அவருடைய நாடகத்தில் கதை என்று ஒன்று கிடையாது. பாத்திரம் அழுது சிரிப்பது கிடையாது. ஒரு தொடருந்து மேடைக்குள் ஊர்ந்து ஊர்ந்து வருவதே ஒரு காட்சி. படம் நகரும் வேகத்தையே அவர் நாடகமாக்கினார். அந்தப் படத்தை மேடையில் பெறுவதற்கு ஒளியை மட்டும் நாட்கணக்கில் அரங்கிலேயே இருந்து கட்டியவர் அவர். எங்களுக்குக் கிடைப்பது ஒரு காலைப்பொழுது. வில்சனின் படத்தை எடுத்துக்கொண்டு வில்சனின் நேரத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன?

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைச் சொல்பவர்களும் உண்டு. அவருடைய நண்பர் காஸ்பர் நேயர் ஒத்திகைக்காக வரைந்த மைக்கோட்டுச் சித்திரங்கள் புகழ்பெற்றவை. ஆனால் நேயர் வரைந்தது மனிதருக்கு மனிதர் உள்ள தூரத்தை: யார் யாரைவிட்டு விலகி நிற்கிறார், யார் குனிகிறார். ஒத்திகையில் அவற்றை வைத்துப்பார்த்து மாற்றினார்கள். பிரெக்டின் மாதிரி நூல்களோ, நிகழ்வு நடந்தபின் எடுத்த ஒளிப்படங்களால் ஆனவை. 1948இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் மேடையேறிய அன்டிகனிக்கு ரூத் பெர்லாவ் எடுத்த படங்கள் அப்படித்தான் புத்தகமாயின. முதலில் நாடகம், பிறகு படம்.

எங்கள் சொந்த உதாரணம் ஒன்றும் இருக்கிறது. எஸ். சக்திதரன் எழுதி, ஏமன் ஃப்ளாக் நெறிப்படுத்திய 'கவுன்ட்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி விழாவில் மேடையேறியது. பெல்வோர் நிறுவனம் தன் மூலை அரங்கைவிட்டு வெளியேறி, சிட்னி நகரமண்டபத்துக்குள் இலங்கை ஊர் மண்டபம் ஒன்றைக் கட்டியது. பதினாறு நடிகர், நான்கு தலைமுறை, கொழும்பிலிருந்து பென்டில் ஹில் வரை. ஜோர்ஜஸ் ஆற்றில் அம்மாவின் சாம்பலைக் கரைக்கும் ராதாவிலும் மகன் சித்தார்த்தாவிலும் தொடங்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 2020இல் அந்தப் பிரதி விக்ரோரிய இலக்கியப் பெரும்பரிசை வென்றது. 2022இல் எடின்பரோ, 2024இல் மெல்பர்ன், மீண்டும் சிட்னி, பின் நியூ யோர்க்.

அதில் ஒரு நுட்பத்தை மட்டும் எடுக்கிறேன். ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேச, மேடையிலேயே இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்கிறார். திரையில் எழுத்து ஓடவில்லை. ஒரு வசனம் இரண்டு உடல்களில் நடக்கிறது. தமிழ் விளங்குபவர் ஒரு கணம் முந்திச் சிரிக்கிறார். மற்றவர் ஒரு கணம் பிந்திச் சிரிக்கிறார். அந்த இரண்டு சிரிப்புக்கும் இடையே மண்டபமே இரண்டாகி ஒன்றாகிறது. இதைக் கட்டத்தில் வரைந்தால் என்ன தெரியும்? ஒருவர் நிற்கிறார், பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். அவ்வளவுதான். அந்த நாடகத்தின் பெரும்பலமான இந்த விஷயம் எந்த ஸ்டோரிபோர்ட்டிலும் வெறும் இரண்டு பேர்.

ஒரு விதிவிலக்கை மறுக்கமாட்டேன். மேடையில் திரை இருந்தால், அந்தத் திரைக்குள் ஓடுவதற்கு ஸ்டோரிபோர்ட் வேண்டும். 2020இல் சிட்னி தியேட்டர் கொம்பனிக்காகக் கிப் வில்லியம்ஸ் உருவாக்கிய 'டோரியன் கிரே' அப்படியானது. ஒரே நடிகை இருபத்தாறு பாத்திரங்கள். மேடையெங்கும் கமராக்களும் தொங்கும் திரைகளும். அங்கே உண்மையிலேயே கமரா நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்று வரையத்தான் வேண்டும். எங்கள் விழாக்களிலும் பின்சுவரில் எல்.ஈ.டி. திரையைப் போட்டு மலை, கடல், கோபுரம் ஓட்டுகிறோம். ஓட்டட்டும். அதைத் தயாரிப்பவருக்குப் படக்கட்டங்கள் கொடுங்கள். அந்தத் தாளைத் திரைக்கு முன்னால் ஆடுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

நிதி கேட்கும்போது படம் காட்டவேண்டியிருக்கிறதே என்பது கடைசி வாதம். காட்டுங்கள். அது விளம்பரம். நகரசபைக்கும் நன்கொடையாளருக்கும் ஆசைகாட்ட ஒரு நல்ல படம் போதும்; இருபது வேண்டாம். விளம்பரத்தைத் திட்டம் என்று நம்பி நாங்களே ஏமாறுவதுதான் கூடாது.

எங்கள் விழா மலர் ஒன்றைக் கையில் எடுத்து நன்றிப் பட்டியலைப் படித்துப்பாருங்கள். மங்கல விளக்கேற்றுபவர், அறிவிப்பாளர் இருவர், ஒலியமைப்பு, ஒப்பனை, சிற்றுண்டி, வாகனத் தரிப்பிடம், இப்போது புதிதாக ஸ்டோரிபோர்ட்டுக்கும் ஒரு பெயர். ஹெட்செட்டைக் காதில் மாட்டிப் பிரதியைக் கையில் வைத்து முழு நிகழ்வையும் இயக்கிச் சொல்பவர் என்று ஒருவருடைய பெயர் இராது. அச்சுப்பிழையால் விடுபட்டதல்ல, அந்த வேலைக்கு ஆளே நியமிக்கப்படவில்லை.